‘இருக்கலாம்’ என்பதற்கு எத்தனை ஆங்கிலம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தேர்வுத்தாள் திருத்தி முடித்த கையோடு எழுத உட்கார்ந்தேன். முழங்கால் வலி குறைந்ததாக எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதி. என் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீடு ஓசையில்லாமல் கிடக்கிறது.

வேற்றுக் கிரகத்தில் உயிர் இருக்குமா என்று ஆங்கில வகுப்பில் கேட்டால், “எஸ்”, “நோ” என்று சொல்லிவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். போன ஆண்டு எனக்கும் அதேதான் நடந்தது. பெரிய கண்ணோடு ஒரு விசித்திர உருவத்தைக் கரும்பலகையில் வரைந்து, மைட், குட், மஸ்ட், காண்ட் என்ற ஊகச் சொற்களைப் பக்கத்தில் எழுதிவிட்டு, பேசுங்கள் என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. ஊகிக்கக் கையில் ஒரு துப்பும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு படத்தை விட்டுவிட்டு அட்டைகள் செய்தேன். அட்டைக்கு ஓர் உலகம், மூன்றே தகவல். சனியின் நிலாவான என்செலடஸ் ஒரு குழுவுக்குப் போனது. மேலே பனி ஓடு, அடியில் கடல். தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு அடிப்பதைக் காசினி விண்கலம் 2005இல் கண்டது. அந்தக் குழுவில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி, “தேர் மைட் பி சம்திங் அண்டர் தி ஐஸ்” என்று தொடங்கினாள். பக்கத்திலிருந்தவன் விடவில்லை. அங்கே வெயில் போகாதே, “இட் காண்ட் பி பிளாண்ட்ஸ்” என்றான். அந்த இடத்தில் மட்டும் நான் குறுக்கிட்டேன். 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, வெளிச்சமே எட்டாத ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஓர் உயிர்க்கூட்டத்தைக் கண்டார்கள். அங்குள்ள நுண்ணுயிர்கள் சூரியனுக்குப் பதிலாக வேதிப்பொருள்களிலிருந்து ஆற்றல் எடுக்கின்றன என்று சொன்னேன். அப்புறம் வகுப்பை அடக்குவதுதான் வேலையாகிவிட்டது. “பிகாஸ்” சொல்லாமல் யாரும் ஊகிக்கக் கூடாது என்ற ஒரே விதியை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இனி, நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். “இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்” என்று நாம் எதிர்கால வினையிலேயே ஊகித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் “தேர் வில் பி லைஃப் ஆன் மார்ஸ்” என்கிறார்கள். கேட்பவருக்கு அது குறி சொல்வதுபோல் இருக்கிறது. அதைவிடப் பெரிய பிழை ‘மஸ்ட்’டுக்கு எதிர்ச்சொல் ‘மஸ்ட் நாட்’ என்று நினைப்பது. “வெள்ளியில் உயிர் இருக்கக் கூடாது” என்று தமிழில் சொல்லிக் காட்டினேன். யாரோ தடை போட்ட மாதிரி இருக்கிறதே என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ‘இருக்க முடியாது’தான் ‘காண்ட் பி’ என்று பிடிபட்டதும் அதை மறக்கவே இல்லை. தமிழைத் தள்ளி வைத்துவிட்டு இதை விளக்க எனக்குத் தெரியவில்லை. தள்ளி வைக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

வெள்ளியை மட்டும் விட்டுவிடாதே. தரையில் ஏறக்குறைய 465 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகும் சூடு. எல்லோரும் ‘காண்ட்’ என்று முடித்த பிறகு, தரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில், மேகங்களுக்கிடையே வெப்பமும் அழுத்தமும் பூமியை ஒட்டி இருப்பதைச் சொல். ‘காண்ட்’ மெல்ல ‘மைட்’ ஆவதை நீயே பார்ப்பாய். ஆனால் அந்த மேகங்கள் கந்தக அமிலம் என்பதையும் மறைக்காதே. அதைச் சொன்னதும் ஒருவன் ‘மைட்’டை அடித்துவிட்டு ‘மைட், பட்’ என்று எழுதினான். எனக்கு அந்த ‘பட்’ போதும்.

இறந்தகால ஊகத்துக்கு செவ்வாயை வைத்துக்கொள். 1877இல் ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய வானியலாளர் செவ்வாயில் கோடுகளைக் கண்டு ‘கனாலி’ என்று எழுதினார். இத்தாலியத்தில் அது இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்தில் கால்வாய் என்றே போய்ச் சேர்ந்தது. கால்வாய் என்றால் வெட்டியவர் இருந்திருக்க வேண்டுமே! பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்கர் அதை நம்பி அரிசோனாவில் வான் ஆய்வகமே கட்டினார். 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாய் இல்லை, எரிகல் விழுந்த குழிகள்தான் இருந்தன. ‘மஸ்ட் ஹேவ்’, ‘குட் ஹேவ்’ இரண்டையும் நடத்த இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று மொழி படிப்பவர்கள் பார்க்க வேண்டாமா?

அட்டைகளை உனக்கும் ஒரு படி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வியாழனின் நிலா யூரோப்பாவை முதலில் கொடு, அதுதான் எளிது. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையவிருக்கிறது. உயிரை அல்ல, உயிர் வாழத் தகுந்த சூழல் அங்கே உண்டா என்றுதான் அது பார்க்கும். அந்த அட்டையின் அடியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். உன் பிள்ளைகள் அதில் என்ன எழுதினார்கள் என்று அடுத்த கடிதத்தில் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழி