நொய்யலை அளக்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், நீர்வளத் துறைக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கமுங்க.

நொய்யல் ஆறு எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்ய வரும்போது, பட்டப்பகலில் பாலத்தடியில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீரை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதீர்கள்.

குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய வாரியம் வைத்திருக்கும் அளவு நமக்குத் தெரியும்: லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி., அதாவது தண்ணீரில் கலந்த அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சரி. ஆனால் சாக்கடை கலந்து பச்சை பிடித்த தண்ணீரில், வெயில் ஏறினால் பாசியே ஆக்சிஜனை விடும். உச்சி வேளையில் அளந்தால் எண் நன்றாகத்தான் வரும். ராத்திரியில் அதே பாசியும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை இழுத்துவிடுவதால் மீன்கள் விடிகாலையில் செத்து மிதக்கின்றன. அதனால் விடியும் முன்னே ஒரு தடவை அளந்தாக வேண்டும்.

அப்புறம், கல்லைப் புரட்டிப் பாருங்கள். ஆக்சிஜன் நிறைந்த நல்ல தண்ணீரில் மேஃபிளை என்கிற சிறு பறக்கும் பூச்சி போன்றவற்றின் இளம்பூச்சிகள் கல்லில் ஒட்டி வாழும். சாக்கடைச் சேற்றில் மிஞ்சுவது சிவப்புப் புழு. மழை ராத்திரியில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று கரையோர மக்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மறுநாள் காலை பாட்டிலில் அது சிக்காமல் போகலாம். மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் பூச்சியிடம் அதன் தடயம் இருக்கும்.

உப்பை மறந்துவிடாதீர்கள். பி.ஓ.டி. இறங்கினாலும் சாயக்கழிவின் உப்பு இறங்காது. நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு வந்தது, சாயக்கழிவின் தொட்டியாகிப் போனது. அணை கட்டித் தந்த தண்ணீரே வேண்டாம் என்று உழவர்கள் சொல்லும் நிலை வேறெந்த ஊருக்கும் வரக்கூடாது. அவர்கள் நீதிமன்றம் போய்ப் போராடிய பிறகே, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே ஆற்றோடு நிற்காமல் கரையோரக் கிணறுகளையும், அணையடி வண்டலையும் சோதியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மக்களிடம் கேட்பது. பேரூர் படித்துறையில் திதி கொடுக்க வருகிறவர்கள் இன்று எங்கே முங்குகிறார்கள்? ஆடு மேய்க்கிறவர் எந்த இடத்தில் ஆட்டைத் தண்ணீர் காட்டாமல் ஓட்டிப் போகிறார்? குளத்து மீனைப் பிடிக்கிறவர் அதைத் தன் வீட்டில் குழம்பு வைக்கிறாரா? துணி துவைத்த பெண்கள் எந்த வருஷம் நிறுத்தினார்கள், என்ன பார்த்து நிறுத்தினார்கள்? இதை வெறும் கருத்துக் கேட்பு என்று ஒதுக்காமல், ஊர்வாரியாக, வருஷத்தோடு அட்டவணையில் ஏற்றுங்கள். ஆய்வகத்து எண்ணுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கட்டும்.

மழைக்காலம், கோடை இரண்டிலும் அளந்து, முடிவுகளைத் தமிழில் எழுதி, மார்ச் 22 கிராம சபையில் கரையோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் வாசியுங்கள். கேள்வி கேட்க நாங்கள் வருகிறோம். பதில் சொல்லத் தெரிந்த அதிகாரி ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
நொய்யல் கரைக்காரன்