எஃப்எம்ல நம்ம ஊரு பேச்சு எப்ப வரும்?

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி புள்ளைக எல்லாம் சௌக்கியமா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருக்கு, தைலம் தேச்சுக்கிட்டு நடமாடிக்கிட்டு இருக்கு. இந்தத் தடவை முல்லைப்பெரியாறு தண்ணி ஜூன்லயே தொறந்துட்டாங்க, பள்ளத்தாக்கு 14,707 ஏக்கரும் பச்சையா கெடக்கு, நீ வந்து பாக்கணும்.

நீ போன கடுதாசில டொராண்டோ தமிழ் ரேடியோ பத்தி எழுதியிருந்தீல்ல, அதை நான் திரும்பத் திரும்ப படிச்சேன். 2025 பிப்ரவரி 27 நடந்த உங்க ஒண்டாரியோ மாகாண எலக்சனுக்கு முன்னாடி ராத்திரி ராத்திரி நேயர்கள் போன் போட்டு வாடகை, கரண்டு பில்லு, ஆஸ்பத்திரில காத்துக் கெடக்குறதுன்னு யாழ்ப்பாணத் தமிழ்ல விளாசுனாங்க, எலக்சன்ல நின்ன ஆளையே உக்கார வச்சு கேள்வி கேட்டாங்கன்னு எழுதியிருந்த. ஏழு கடல் தாண்டி போன சனம் தன் மாகாணத்து அரசியலைத் தமிழ்ல ரேடியோவுல பேசுது, இங்க கம்பத்துல உக்காந்திருக்குற நாங்க பேச முடியல, அது எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்குடா.

போன வாரம் தறிக்கூடத்துல நடந்ததைச் சொல்றேன் கேளு. ஒரு தனியார் எஃப்எம்ல மதியம் நேயர் விருப்பம் ஓடுது, ஒரு அக்கா லைன்ல வருது, வழக்கம் போல "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுட்டு பேசுங்கம்மா"ன்னு சொல்லி, பேரு ஊரு எல்லாம் விசாரிச்சு, சாப்டாச்சா என்ன கொழம்புன்னு கேட்டு பேச்சு போகுது. அந்த அக்கா "நாலு நாளா எங்க ஊருக்கு காலை பஸ்ஸு வரல தம்பி, புள்ளைக நடந்து போகுது, யாருகிட்ட சொல்லன்னே தெரியல"ன்னு சொல்லுச்சு. நிகழ்ச்சி நடத்துன பய ஒரு நொடி தயங்கி "ஓ அப்படிங்களா... சரிங்கம்மா, யாருக்காக என்ன பாட்டு கேக்கப் போறீங்க"ன்னுட்டான். அந்தம்மாவும் பாட்டு சொல்லிட்டு வச்சிருச்சு. தறி ஓட்டிக்கிட்டு இருந்த எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். அந்தப் பயலைக் குறை சொல்ல மனசு வரல, அவனுக்குப் போட்டிருக்குற கோடு அப்படி.

அந்தக் கோடு என்னன்னு தேடிப் படிச்சேன் மாப்ள. தனியார் எஃப்எம் 2001ல நாட்டுல வந்ததுல இருந்தே செய்தியும் நடப்பு அரசியலும் பேசக்கூடாதுன்னு லைசென்ஸ்லயே இருக்கு. அப்புறமா ஆகாசவாணி செய்தியை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போட்டுக்கலாம்னு விட்டாங்க, அவ்வளவுதான். டிராபிக், மழை, திருவிழா, பரீட்சை ரிசல்ட்டு, வேலைவாய்ப்பு, கரண்டு தண்ணி அறிவிப்பு, இதெல்லாம் செய்தி இல்லன்னு ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, இது வரைக்கும் சொல்லலாம். நாளைக்கு கரண்டு இருக்காதுன்னு எஃப்எம்ல சொல்லலாம், இந்த ஊருல மட்டும் ஏன் வாரா வாரம் போகுது, யாரு பொறுப்புன்னு நாலு பேரு வாதாடுனா அது அரசியலாயிடும். சமுதாய வானொலிக்கும் இதே கட்டுதான். 2002ல காலேஜுகளுக்கு விட்டு, 2004ல சென்னை அண்ணா யுனிவர்சிட்டில முதல் ஸ்டேஷன் வந்து, 2006ல தொண்டு நிறுவனங்களுக்கும் விட்டாங்களே, அந்த 100 வாட்டு குட்டி ஸ்டேஷன், பத்து பதினஞ்சு கிலோமீட்டர்தான் எட்டும், அதுக்குள்ள கூட அரசியல் பேச்சு வரக்கூடாது.

இதை எதுத்து காமன் காஸ்ங்கிற அமைப்பு 2013லயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. கண்காணிக்க வழியில்ல, பாதுகாப்புக்கு ஆபத்துன்னு அரசாங்கம் பதில் சொல்லுச்சு. டிவில விடிய விடிய விவாதம் நடக்குது, யூட்யூப்ல செல்போன் வச்சிருக்கவன் எல்லாம் செய்தி வாசிக்கிறான், அதுல வராத ஆபத்து ரேடியோவுல மட்டும் எப்படி வரும்? 1995லயே அலைவரிசை பொதுமக்கள் சொத்துன்னு அதே கோர்ட்டுதான் தீர்ப்பு சொல்லுச்சு. 2023 செப்டம்பர்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் கூட ஒரு மணி நேரத்துல பத்து நிமிசம் செய்திக்கு விடலாம்னு பரிந்துரை பண்ணுச்சு. பத்து நிமிசம் பத்தாதுதான், ஆனா அது கெடைச்சா கூட எங்களுக்குப் பெருசு.

நம்ம ஊருக்கு இது எவ்வளவு வேணும்னு உனக்கே தெரியும். 2011 டிசம்பர் ஞாபகம் இருக்கா, கேரளாவோட முல்லைப்பெரியாறு அணை விவகாரத்துல சனம் ஆயிரக்கணக்குல குமுளி எல்லையைப் பாத்து நடந்துச்சே, அந்த நாள்ல அங்க அடிச்சுட்டாய்ங்க இங்க எரிச்சுட்டாய்ங்கன்னு ஒவ்வொரு தெருவுலயும் ஒவ்வொரு கதை. எது நெசம் எது புரளின்னு சொல்ல ஒரு உள்ளூர் குரல் இல்ல. அன்னைக்கு நம்ம மொழில, நமக்குத் தெரிஞ்ச ஒருத்தரு மைக்குல உக்காந்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தும் ரெண்டு பேரைக் கூப்பிட்டு பேச வச்சிருந்தா பாதி பயம் அப்பவே அடங்கியிருக்கும்னு நான் இன்னைக்கும் நம்புறேன்.

இப்ப பஞ்சாயத்து நெலமையும் அதேதான். 2025 ஜனவரி 5ஓட தலைவர் மெம்பர் எல்லாம் பதவிக்காலம் முடிஞ்சு, நம்ம மாவட்டத்துலயும் அரசாங்கம் போட்ட தனி அலுவலர் கைக்கு ஊராட்சி போயிருச்சு. முன்னாடி தண்ணி வரலன்னா தலைவர் வீட்டு வாசல்ல போய் நின்னு சத்தம் போடலாம், இப்ப எங்க போய் நிக்க? கிராமசபை வருசத்துக்கு ஆறு தடவை நடக்கணும்னு வச்சிருக்காங்க, அதை மைக்கு வச்சு அப்படியே எஃப்எம்ல விட்டா வயக்காட்டுல இருக்கவன், தறில இருக்கவன், அடுப்படில இருக்க பொம்பளைக எல்லாருக்கும் காதுல விழும்ல. எலக்சன் வந்தா ஆகாசவாணில கட்சிக்காரங்க பேச நேரம் குடுக்குறாங்க, 1977ல இருந்து இருக்கு அந்தப் பழக்கம், ஆனா அவங்க எழுதி வச்சதைப் படிச்சுட்டுப் போயிருவாங்க, கேக்குற நமக்கு திருப்பிக் கேக்க வழி இல்ல. நமக்கு வேண்டியது அந்த திருப்பிக் கேக்குற போன் லைன்தான்டா.

கோடை பண்பலை 100.5 இன்னும் காலைல வீட்டுல ஓடுது, ஆகாசவாணி மேல எனக்கு இருக்குற பாசம் கொறையல, மாநிலச் செய்தி முடிஞ்சாத்தான் அப்பா இப்பவும் டீ கிளாஸைக் கீழ வைப்பாரு. ஆனா அது பல மாவட்டத்துக்குப் பேசுற ஸ்டேஷன், நம்ம தெரு பஸ்ஸு அதுல எப்படி வரும்.

இங்க பக்கத்துல ஒரு காலேஜ்ல சமுதாய வானொலிக்கு விண்ணப்பம் போடலாமான்னு பேச்சு நடக்குது, நானும் நம்ம செட்டு ரெண்டு மூணு பேரும் போய் பாத்துட்டு வந்தோம். இருக்குற கட்டுக்குள்ளயே விவசாயம், தண்ணி, பள்ளிக்கூடம்னு எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசணும்னு ஆசை. அதனால ஒரு உதவி செய். உங்க ஊரு ரேடியோவுல போன் நிகழ்ச்சி நடக்கும்போது ஒரு நாலஞ்சு மணி நேரம் ரெக்கார்டு பண்ணி அனுப்பு. ரெண்டு பேரு சூடா மோதிக்கும்போது அந்த அறிவிப்பாளர் எப்படி சமாளிக்கிறாரு, கெட்ட வார்த்தை வந்தா எப்படி கட் பண்றாரு, பேசத் தயங்குற பொம்பளைகளை எப்படிப் பேச வைக்கிறாரு, இதெல்லாம் நாங்க கேட்டுப் பழகணும். அடுத்த மாசம் காலேஜ்ல திரும்ப கூடுறோம், அதுக்குள்ள வந்தா நல்லது.

தங்கச்சியைக் கேட்டேன்னு சொல்லு. அம்மா உனக்கு ஊறுகா குடுத்துவிடணும்னு நிக்குது, யாராவது வந்தா சொல்லு.

உன் மாப்ள,
கம்பத்துல இருந்து