நாலு கார்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்: சித்தூர் தாலுக்கா ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஸ்டுடியோ அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், வணக்கம்.

பாலக்காட்டுப் பக்கம் நம் கொழிஞ்சாம்பாறையில் நாம் சேர்ந்து போடப்போகும் கல்யாண வீடியோ எடிட்டிங் ரூமுக்கு நான்கு கிராபிக்ஸ் கார்டு (வீடியோ வேலைக்குக் கம்ப்யூட்டரில் மாட்டும் கார்டு) வாங்குவது பற்றி இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் என்விடியா கம்பெனியின் பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு நான்கு மொத்தமாகக் கிடைக்கிறது, எடுத்துப் போடலாம் என்பது ஒரு கட்சி. காசு கூடினாலும் அதே கம்பெனியின் புதிய 4070தான் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் என் கட்சிக்காரர்கள் முதலில் எடுத்துவிடும் காரணம், ‘கரண்ட் பில் பாதியாகிவிடும்’ என்பது, கணக்கில் நிற்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

3080 கரண்ட் இழுக்கும் அளவு என்று என்விடியா போட்டிருப்பது 320 வாட். 4070-க்கு 200 வாட். வித்தியாசம் 120 வாட். தினமும் ஐந்து மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள், கார்டை முழு மூச்சில் ஓட்டினாலும் ஒரு கார்டுக்கு 15 யூனிட்தான் மிச்சம். நாலு கார்டுக்கு 60 யூனிட். யூனிட்டைப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாதம் அறுநூறு ரூபாய். அதுவும் முழு மூச்சில் ஓடினால். நம் வேலையில் பாதி நேரம் தாலி கட்டும் ஷாட்டை எங்கே வெட்டுவது என்று டைம்லைனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். அப்போது கார்டும் சும்மாதான் இருக்கும். ஆகவே, புது கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கரண்ட் பில்லில் சீக்கிரம் திரும்பி வந்துவிடும் என்று யாரும் ஆசை காட்ட வேண்டாம்.

அப்படியென்றால் 4070 எதற்கு? சூட்டுக்காக. கார்டு இழுக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் ரூமுக்குள் இறங்கும். நாலு 3080 சேர்ந்து ரெண்டர் ஓட்டினால் 1,280 வாட். இஸ்திரிப் பெட்டியை மூடின ரூமுக்குள் நாள் முழுக்க அணைக்காமல் வைத்திருப்பது போலத்தான். நாலு 4070 என்றால் அது 800 வாட். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி தன் பங்குக்குக் கரண்ட் எடுக்கும். நாம் பெரும்பாலும் எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவை ஃபைலாக எடுப்பது) போடுவது கடை மூடும் நேரத்தில், அதாவது கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.க்குக் கரண்ட் தேவை உச்சத்தில் இருக்கும் பீக் நேரமான மாலை 6 மணி முதல் 10 மணிக்குள். ஆடி முடிந்தால் மலையாளக் கல்யாணத்துக்குச் சிங்ஙம், நம் கல்யாணத்துக்கு ஆவணி, இரண்டும் ஒன்றாக வந்து விழும். அந்தச் சமயத்தில் மிஷின் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொண்டால் டெலிவரி தேதிக்கு யார் பதில் சொல்வது?

யுபிஎஸ் விஷயமும் இருக்கிறது. 3080 சராசரியாக 320 வாட் எடுத்தாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அதைவிட மிக அதிகமாக இழுத்து விடும். சின்ன யுபிஎஸ் அதைத் தாங்காமல் டிரிப் ஆகும். என்விடியாவே 3080-க்கு 750 வாட் பவர் சப்ளையும் 4070-க்கு 650 வாட்டும் போடச் சொல்கிறது. பழைய கார்டு மலிவு என்று வாங்கி, அதற்காக நாலு பவர் சப்ளையும் நாலு பெரிய யுபிஎஸும் வாங்கினால் மலிவு எங்கே போச்சு?

வேகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய சமம். 4கே அளவில் 3080 கொஞ்சம் முந்தும், அதன் மெமரி பாதை அகலமானது, நொடிக்கு 760 ஜிபி. 4070-க்கு 504 ஜிபிதான். கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கையிலும் 8,704-க்கு 5,888. எண்ணைப் பார்த்தால் 4070 ஏமாற்று வேலை போலத் தெரியும், இல்லை. 3080-இன் சிப்பை 2020-இல் சாம்சங்கின் 8 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் அடித்தார்கள். 2023-இல் வந்த 4070, தைவான் சிப் கம்பெனியான டிஎஸ்எம்சியின் புதிய முறையில் வந்தது. குறைந்த கரண்டில் கூடுதல் கிளாக் வேகத்தில் ஓடும், சிப்புக்குள்ளேயே 36 எம்பி கேச் (கைக்கெட்டும் சிறு மெமரி) இருக்கிறது, பழையதில் 5 எம்பி. மெமரிக்கு அடிக்கடி ஓடிப்போய் வந்தால்தான் கரண்ட் வீணாகும். அது இங்கே குறைவு. தவிர, மெமரி 10 ஜிபிக்குப் பதில் 12 ஜிபி. மண்டப லைட்டில் எடுத்த புள்ளி புள்ளியான ஃபுட்டேஜுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போடும்போது அந்த இரண்டு ஜிபி வேலைக்கு வரும்.

பழைய கார்டின் வயசையும் யோசியுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டு ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் நின்றபோது விற்பனைக்கு வந்த 3080-கள் ஏராளம். மைனிங் ஓட்டியதால் மட்டும் சிப் கெட்டுவிடாது, ஆனால் இந்தக் கார்டில் மெமரிதான் ரொம்பச் சூடாகும். தெர்மல் பேடும் (சூட்டைக் கடத்தும் பட்டை) ஃபேனும் எந்த நிலையில் இருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. மூன்று வருட வாரண்டி என்று வைத்தாலும் அதெல்லாம் முடிந்த கதை.

இதையெல்லாம்விட நமக்கு முக்கியமானது ஒன்று. சோனி கேமராவில் 10 பிட் 4:2:2 எச்.265-இல் (நிறத்தை நுட்பமாகப் பதிந்து சுருக்கும் வீடியோ வடிவம்) எடுப்பவர்கள் நம்மில் பலர். அதை ஹார்டுவேரில் பிரிக்க 3080-க்கும் தெரியாது, 4070-க்கும் தெரியாது. டைம்லைன் திக்கித் திக்கி ஓடும். 11-ஆம் தலைமுறை முதல் வந்த இன்டெல் பிராசஸர்களின் உள் கிராபிக்ஸ் அதை அழகாகச் செய்யும். ஆகவே பேரில் கடைசியாக ‘எஃப்’ எழுத்து வரும் பிராசஸரை ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று வாங்கிவிடாதீர்கள், அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. 4070-க்குப் பதில் 5070 நல்ல விலையில் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். அது 250 வாட் எடுக்கும், ஆனால் 4:2:2-ஐத் தானே பிரிக்கும்.

ஏற்கெனவே 3080 வைத்திருப்பவர்கள் விற்க அவசரப்பட வேண்டாம். பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் கரண்டின் உச்சவரம்பு) 240 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள், ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஒரு ஸ்லைடரை இழுக்கும் வேலைதான். கடைசிச் சொச்ச வேகத்துக்காகக் கம்பெனி வோல்டேஜை ஏற்றி வைத்திருக்கிறது, அதைக் குறைத்தால் வேகம் சில சதவீதமே இறங்கும், ஃபேன் சத்தம் நன்றாக அடங்கும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன், பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போவோம். நம்முடைய ஒரே கல்யாண புராஜெக்டை இரண்டு கார்டிலும் எக்ஸ்போர்ட் போட்டு, எத்தனை நிமிடம், எத்தனை யூனிட் என்று இரண்டையும் குறித்துக்கொள்வோம். பெட்டியில் போட்ட வாட் எண்ணை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது, மெதுவாக ஓடும் கார்டு குறைந்த வாட்டில் கூடுதல் நேரம் எடுத்து அதே யூனிட்டைத் தின்னவும் செய்யலாம். கடைக்காரர் சோதனை போட விடமாட்டேன் என்றால் அந்த நாலு 3080-யும் அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், சித்தூர்