தாழ்தளப் பேருந்து வந்துவிட்டது, நிறுத்தம் எப்போது வரும்? கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழும (கும்டா) உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் சக்கர நாற்காலியில் நடமாடுபவள். இந்த மடலை மாநகராட்சிக்கோ போக்குவரத்துக் கழகத்துக்கோ ரயில்வேக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நடைபாதை மாநகராட்சியுடையது, பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது, புறநகர் ரயில் தெற்கு ரயில்வேயுடையது, மெட்ரோ தனி நிறுவனம். யாரிடம் கேட்டாலும் தங்கள் எல்லைக்குள் வேலை முடிந்துவிட்டது என்றுதான் பதில் வரும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. எங்கள் பயணம் அறுந்துபோவது ஒருவர் எல்லை முடிந்து அடுத்தவர் எல்லை தொடங்கும் இடத்தில். அந்த இடத்துக்குப் பொறுப்பாளி யாரும் கிடையாது. எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காகவே 2010-இல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட அமைப்பு உங்களுடையது. அதனால் உங்களிடம்தான் கேட்க முடியும்.

தாழ்தளப் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. அவை வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த தளம் 400 மில்லிமீட்டருக்கு இறங்கியது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கணக்கை அதோடு நிறுத்த முடியாது. வாசலில் இருந்து விரியும் சாய்வுப் பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையை ஒட்டி நின்றால், பலகை ஏற வேண்டியது 250 மில்லிமீட்டர், அதாவது சாய்வு நான்குக்கு ஒன்று (நான்கு அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றம்). பின்னால் ஒருவர் தள்ளினால் ஏறிவிடலாம். பேருந்து பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்துகொடுத்தால் இன்னும் எளிது. அதே பேருந்து நடுச்சாலையில் நின்றால் பலகை தார்ச்சாலையில் விழுகிறது. ஏற வேண்டியது 400 மில்லிமீட்டர், சாய்வு இரண்டரைக்கு ஒன்று. அது சாய்வுதளம் இல்லை, சுவர். கட்டடங்களில் சாய்வுதளத்துக்குச் சொல்லப்படும் அளவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பதை நீங்களே அறிவீர்கள்.

பேருந்து ஏன் நடைபாதையை ஒட்டி நிற்பதில்லை? ஓட்டுநரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தத்தின் முன்னால் பைக்குகள் நிற்கும், ஷேர் ஆட்டோ நிற்கும், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய மண் குவிந்திருக்கும். நிறுத்தத்துக்கு நான் போய்ச் சேர்வதே பெரிய பாடு. இருசக்கர வாகனம் ஏறாமலிருக்க நடைபாதை முகப்பில் குட்டைத் தூண்கள் நடுகிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் தூண்களுக்கு நடுவே 900 மில்லிமீட்டராவது இடைவெளி விடாவிட்டால் சக்கர நாற்காலி நுழையாது, பைக் எப்படியோ வேறு வழியில் ஏறிவிடும். அப்புறம் நாங்கள் சாலையில் இறங்கி, வண்டிகளோடு வண்டியாகப் போக வேண்டும். இத்தனைக்கும் பேருந்து வாங்கியவர் கணக்கில் அது விதிப்படி சரியான பேருந்து. நடைபாதை போட்டவர் கணக்கில் அது விதிப்படி சரியான நடைபாதை.

இது சலுகை கேட்கும் மடல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 41-ஆவது பிரிவு, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், வாகனங்கள், சாலை எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45-ஆவது பிரிவு தந்த காலம், 2017 ஜூனில் விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு. அது 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துவதற்கான அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த, அந்த 2017 விதிகளில் உள்ள 15(1) விதி, தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே "முடிந்தவரை செய்திருக்கிறோம்" என்ற பதிலுக்கு இனிச் சட்டத்தில் இடமில்லை.

2021-இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம் என்று தமிழக அரசு அறிவித்தது. பலருக்கு அது பெரிய உதவி. ஏற முடியாத பேருந்தில் இலவசம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களும் இருக்கிறோம். காசு கொடுத்து ஆட்டோ பிடிப்பவர்கள் நாங்கள். பிடிக்க வழியில்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். பேருந்தில் எங்களைக் காணோம் என்பதால், "இந்தத் தடத்தில் மாற்றுத்திறனாளிகள் அதிகம் வருவதில்லை" என்று கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கணக்கை வைத்தே அடுத்த திட்டமும் போடப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். முதியோர், கர்ப்பிணிகள், முழங்கால் வலிக்காரர்கள் அதில் சேரவில்லை. தயவுசெய்து நிறுத்தத்தில் நிற்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள். வீட்டை விட்டு வர முடியாதவர்களையும் போய்க் கேளுங்கள்.

2048 வரை பார்க்கும் விரிவான போக்குவரத்துத் திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 5,904 சதுர கிலோமீட்டருக்கு நீட்டப்பட்ட பெருநகரப் பகுதிக்கான திட்டம் அது. அதில் என் கோரிக்கை முதலில் ஒன்றுதான்: அணுகலைப் பொருள் பொருளாக அளப்பதை விட்டுவிட்டு, பயணமாக அளங்கள். எத்தனை தாழ்தளப் பேருந்து, எத்தனை லிஃப்ட் என்ற எண்ணிக்கை எனக்கு எதையும் சொல்வதில்லை. ஒரு குடியிருப்பிலிருந்து ஒரு அரசு மருத்துவமனைக்கு, ஒரு கல்லூரிக்கு, ஒரு தொழிற்பேட்டைக்கு யாருடைய கையும் பிடிக்காமல் போய்த் திரும்ப முடிகிறதா என்று சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர், பார்வையில்லாத ஒருவர், காது கேளாத ஒருவர் அந்த வழியில் போய்வந்து சொல்லட்டும். அதற்கு அவர்களுக்கு ஊதியம் கொடுங்கள். ஆலோசகருக்குக் கொடுக்கிறீர்கள் இல்லையா, அது போல. எங்கே அறுந்தது, அது யார் எல்லை, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று பொதுவில் போடுங்கள். இணைப்பு முடியாத எந்தப் புதிய நிலையத்தையும் நிறுத்தத்தையும் "முடிந்தது" என்று உங்கள் கணக்கில் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே பயணச்சீட்டில் இணைத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணக்கை இணைக்க முடிந்த உங்களால் லிஃப்ட் நிலவரத்தையும் அதில் காட்ட முடியும். எந்த நிலையத்தில் லிஃப்ட் ஓடவில்லை, அடுத்து வருவது தாழ்தளப் பேருந்தா என்று வீட்டிலிருந்தே தெரிந்தால் போதும். ஒருமுறை ஒரு ரயில் நிலையத்தில், மேல்தளத்தில் இறங்கிய பிறகுதான் லிஃப்ட் கதவில் "பழுது" என்ற அட்டையைப் பார்த்தேன். முன்பின் தெரியாத நான்கு பேர் நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்கினார்கள். நல்லவர்கள், நன்றி சொன்னேன். ஆனால் தூக்கப்படுவதற்கு நான் பயணச்சீட்டு வாங்கவில்லை. லிஃப்ட் பழுது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த நிலையத்தில் இறங்கியே இருக்க மாட்டேன்.

நான் கேட்ட இந்தப் பயண ஆய்வை எந்தத் தடங்களில், எந்த மாதத்தில் தொடங்குவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். அழைத்தால் வருகிறேன். நீங்கள் கூட்டம் நடத்தும் அறைக்கு லிஃப்ட் ஓடுகிறதா என்பதையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையின் ஒரு பயணி