பட்டாளத்துத் தாத்தாவின் திதி

ஊர்ப் பெரியவர்களுக்கும் உதவிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் பர்மா சண்டையில் 22 வயதில் இறந்துபோன எங்கள் பெரிய தாத்தாவுக்கு இந்தப் பங்குனியில்தான் முதன்முதலாகத் திதி கொடுத்தோம். நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. அவரும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி முடித்து, பர்மாவுக்குப் பாலம் போடப் போனவர். இறந்ததாகத் தந்தி வந்ததாம். அது எந்த மழையில் நனைந்து போனதோ, நாள் தெரியவில்லை. அதனால் மகாளய அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைத்துவந்தோம்.

"போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பாருங்க தம்பி, இருக்கும்" என்று சொல்லி, கூடவே உட்கார்ந்து தேடியவர் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா. வட ஆற்காடு என்று போட்டு, ஊர்ப்பெயரையும் கண்டபடி எழுதியிருந்தார்கள். அவர் கண்ணுக்குத்தான் அது பிடிபட்டது. தேதி 1945 மார்ச் 20, மண்டலே நகரம் பிடிபட்ட அதே நாள். கீழே அப்பா பெயர், அப்புறம் மனைவி பெயர். எழுதப் படிக்கத் தெரியாத பெரிய பாட்டிக்குத் தன் பெயர் அங்கே இருப்பது கடைசிவரை தெரியாது.

எங்கே புதைத்தார்கள் என்று தெரியாததால், யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) அருகே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் சுமார் 27,000 பெயர்களுக்கு நடுவில் அவர் பெயரும் இருக்கிறது. யாங்கோனில் வேலை பார்க்கும் தம்பி, லீவு நாளில் அங்கே போய்த் தூண் தூணாகத் தேடி, பெயருக்குக் கீழே விரல் வைத்துப் படம் அனுப்பினீர்கள். விரலை வெட்டாமல் அப்படியே சட்டம் போட்டிருக்கிறோம்.

அங்கே அர்ப்பணிப்பு வாசகம் ஐந்து மொழிகளில் இருக்கிறது. தமிழ் இல்லை. இத்தனை தமிழ்ப் பிள்ளைகளின் பெயரைச் சுமக்கிற இடத்தில் அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. சரி, அந்தக் குறையை நம் ஊர்க் கல்தச்சர் தமிழில் ஒரு நினைவுக்கல் செதுக்கித் தீர்த்துவைத்தார். கூலி பேசப் போனால் "எங்க தாத்தாவும் பட்டாளம்தான்" என்று சொல்லி உளியை எடுத்துவிட்டார். கல் நட இடம் கொடுத்த பள்ளிக்கூடத்துக்கும், பழைய பஞ்சாங்கத்தைத் தேடி வளர்பிறைத் திதியைக் கணித்துத் தந்த ஐயருக்கும், அன்றைக்குச் சமைத்துப் போட்ட அத்தைமார்களுக்கும் நன்றி.

பதிவேட்டில் நம் ஊர்ப்பெயரோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தால் சுபேதார் ஐயாவிடம் சொல்லுங்கள். கல்லில் இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தம்பி வழிப் பேரப்பிள்ளைகள்