முரண்டு பிடித்த இன்ஜின்

பண்டாரவளை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை, பின்னேரமானால் மூட்டம் இறங்கி எதிர்மலை மறைந்துவிடுகிறது. முழங்கால் முனகினாலும் காலையில் டவுன் வரை நடந்துவிட்டு வருகிறேன். தோட்டத்துச் செய்தி பழைய செய்திதான். சம்பளப் பேச்சு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. நாம் படிக்கும் காலத்தில் சங்கு ஊதுமே, அந்தத் தேயிலை ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். ஹோட்டல் வரப்போகிறதாம். கொழுந்து உருட்டும் ரோலரை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது.

சரி, உன் மகள் சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கோபைலட்டாக இருந்த சின்ன ஜெட்டில் வலது இன்ஜின் நடுவானில் அதிரத் தொடங்கியது, அதை நிறுத்தாமல் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டே பக்கத்து விமான நிலையத்தில் இறக்கினார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தில் பாதி பயம், பாதி கோபம். "அதிர்ந்தால் உடனே நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே, அதற்கு என்ன யோசனை?" என்று வேறு கேட்டிருக்கிறாய். வளைகுடாவில் இத்தனை வருஷம் இன்ஜினைக் கழற்றிப் பூட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவர்கள் யோசித்ததுதான் எனக்குப் பிடித்தது.

ஏனென்று கேள். 1989 ஜனவரி 8ஆம் திகதி லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் புறப்பட்ட ஒரு போயிங் 737-400, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே இடது இன்ஜினின் ஃபேன் பிளேடு ஒன்று முறிந்துவிட்டது. விமானம் குலுங்குகிறது, உள்ளே புகை நாற்றம். விமானிகள் வலது இன்ஜின்தான் கெட்டது என்று முடிவு கட்டி, அதன் த்ராட்டிலை, அதாவது சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, பின்னுக்கு இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குலுக்கலும் அடங்கியது. அது தற்செயல். ஆனால் அவர்களுக்கு நோய் பிடிபட்டுவிட்டது என்ற நிம்மதி வந்துவிட்டது. நல்ல இன்ஜினை நிறுத்தியே விட்டார்கள். அதிர்வைக் காட்டும் மானி இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. சின்ன மானி, அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. வலது இன்ஜினை நிறுத்தியிருக்கிறோம் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னபோது, இடது பக்கம் நெருப்புப் பறந்ததைக் கண்ட பயணிகள் குழம்பினார்கள். ஆனால் யாரும் போய்ச் சொல்லவில்லை. கெட்ட இன்ஜின் கடைசி வரை ஓடி, தரையிறங்கப் போகும்போது கைவிட்டது. கெக்வர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக் கரையில் விழுந்து 47 பேர் இறந்தார்கள். 2015இல் தைபேயில் புறப்பட்ட ஒரு ஏடிஆர் விமானத்திலும் இதே கதைதான், நன்றாக ஓடிய இன்ஜினை நிறுத்தினார்கள், 43 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் இப்போது ஒருவர் த்ராட்டிலில் கை வைத்து "வலது?" என்று கேட்க, மற்றவர் அந்தக் கையையும் மானியையும் பார்த்து "வலது, சரி" என்ற பிறகே இழுக்கிறார்கள். உன் மகளும் அதைத்தான் செய்திருப்பாள். அந்த நேரத்தில் உனக்கு அவள் தாமதித்ததுபோலத் தெரிகிறது, எனக்கு அவள் வேலை பார்த்ததாகத் தெரிகிறது.

இன்ஜின் நின்றால் அந்தப் பக்கம் மூக்கு திரும்பும்; எதிர்க்காலால் ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) மிதித்து நேராக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து இன்ஜின்தான் போனது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் சின்ன ஜெட்டில் இரண்டு இன்ஜினும் வாலடியில் உடம்போடு ஒட்டி இருக்கின்றன, இழுப்பு குறைவு. சக்தி போகாமல் வெறும் அதிர்வு மட்டும் இருந்தால் காலுக்கு ஒன்றுமே தெரியாது. மானிதான் கதி.

அப்புறம், எல்லாக் கோளாறுக்கும் நிறுத்துவது மருந்தில்லை. சில நேரம் உள்ளே போகும் காற்றோட்டம் முறிந்து இன்ஜினுக்குப் புரையேறியதுபோல் டமால் டமால் என்று வெடிக்கும். சக்தியைக் குறைத்தால் அநேகமாக அடங்கிவிடும். மெதுவாகக் கூட்டிப் பார்க்கலாம். குறைந்த சக்தியில் சும்மா ஓடினாலும் ஜெனரேட்டர் சுற்றும், பயணிகள் இருக்கும் இடத்துக்குக் காற்றழுத்தம் கிடைக்கும். தீ எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கதை வேறு. த்ராட்டிலை முழுக்கக் குறைத்தும் விளக்கு அணையாவிட்டால் எரிபொருளை அடைத்து, அணைப்பானைத் திறந்துவிட வேண்டும். அப்போதும் எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"நிறுத்தினால் விழுந்துவிடாதா" என்ற உன் மனைவியின் பயத்துக்கும் பதில் சொல்லிவிடு. ஒன்று போனால் மற்றதில் பறக்கத்தான் இரண்டு வைத்திருக்கிறார்கள். முப்பதாயிரம் அடிக்கு மேல் நிலைத்து நிற்க முடியாது, மெல்ல இறங்கி ஒரு உயரத்தில் நிற்கும். அது எடையையும் அன்றைய வெப்பத்தையும் பொறுத்தது. வழியில் மலை இருந்தால் புறப்படும் முன்பே கணக்குப் போட்டு வைப்பார்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீட்டர்தான். சின்ன ஜெட் ஒற்றை இன்ஜினிலேயே அதைவிட நல்ல உயரத்தில் தாக்குப்பிடிக்கும்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது நிற்கிற இன்ஜின் இல்லை, சொல் கேட்காத இன்ஜின். 2008 ஜூன் 5ஆம் திகதி, சிக்காகோ மிட்வே. எக்லிப்ஸ் 500 என்ற குட்டி ஜெட். இறங்கும்போது காற்று அடித்ததால் விமானி த்ராட்டிலை முன்னால் முட்டும் வரை தள்ளினார். பிறகு பின்னுக்கு இழுத்தும் இரண்டு இன்ஜினும் முழுச் சக்தியிலேயே நின்றன. தள்ளிய வேகத்தில் நெம்புகோலிலிருந்து போன சமிக்ஞை கணினிக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டிவிட்டது. கணினி கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டது. இப்படியே இறங்கினால் ஓடுபாதையை விட்டு ஓடிவிடும் என்று திரும்ப மேலே ஏறினார்கள். கையேட்டைப் புரட்டினால் ஒரு இன்ஜின் அடங்காவிட்டால் என்ன செய்வது என்று இருக்கிறது, இரண்டும் அடங்காவிட்டால் என்று ஒரு வரி கிடையாது. வலதை நிறுத்தினார்கள். உடனே இடது தானாகவே குறைந்த சக்திக்கு இறங்கிவிட்டது. த்ராட்டிலை எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. இருந்த உயரத்தை வைத்தே ஓடுபாதைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். டயர் வெடித்ததோடு சரி, யாருக்கும் காயமில்லை. சில நாட்களுக்குள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த ரக விமானம் அத்தனையிலும் த்ராட்டிலைச் சோதிக்கச் சொல்லி அவசர உத்தரவு போட்டது. கம்பி வடத்தால் இழுத்த பழைய த்ராட்டிலில் இந்தக் கூத்து கிடையாது என்று நான் சொன்னால், என் மகன் "பழைய ஆள்" என்று சிரிக்கிறான். கணினி இல்லாத இன்ஜின்கள் எத்தனை சூடேறிக் கருகின என்பதும் எனக்குத் தெரியும், அதனால் நானும் வாதாடுவதில்லை.

இன்னொன்று. கோளாறு வந்தால் ஒருவர் செக்லிஸ்டைப் பார்க்கும்போது மற்றவர் விமானத்தை மட்டும் பார்க்க வேண்டும்: உயரம், வேகம், திசை. இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு ஏழு கன்னியர் மலையில் மோதிய டிசி-8 விமானத்துக்கு இன்ஜின் கோளாறு எதுவும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போய்க்கொண்டிருந்த இந்தோனேசியர்களோடு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இறங்கி வந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாக எண்ணி, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். 191 பேரும் போய்விட்டார்கள். நோட்டன் பிரிட்ஜில் வைத்திருக்கும் அந்த விமானத்தின் டயரை, பஸ்ஸில் போகும்போதெல்லாம் நீ எட்டிப் பார்ப்பாய்.

இப்போது அந்த இன்ஜினைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். முதலில் ஃபேனைக் கையால் சுற்றி ஒவ்வொரு பிளேடின் விளிம்பிலும் நகத்தை ஓட்டிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத வெட்டு நகத்தில் தடுக்கும். பறவை போயிருந்தால் நாற்றமே காட்டிக்கொடுக்கும். உள்ளே போரஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகு. எண்ணெய் வழியில் ஒரு காந்த முளை இருக்கும், அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தால் பேரிங் தேய்ந்த துகள் மினுமினுக்கும். சின்னவளிடம் இதைக் கேட்டு எழுது மச்சான்: பிளேடா, பேரிங்கா? பேரிங் என்றால் அதே ரக விமானங்கள் அவர்களிடம் வேறு எத்தனை இருக்கின்றன, அவற்றின் முளைகளையும் கழற்றிப் பார்த்தார்களா?

அன்புடன்,
உன் கூட்டாளி