ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கேட்டு, சபா செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், காரியதரிசி, செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் புது இசைநாடகத்துக்கு உங்கள் மேடையில் இடம் கேட்ட விண்ணப்பம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஜூனில் கொடுத்தோம். சபாவின் இசைக் குழு, 'இது நாடகம்' என்று நாடகக் குழுவுக்கு அனுப்பியது. நாடகக் குழு, 'இதில் வசனமே இல்லையே' என்று இசைக் குழுவுக்கே திருப்பியது. அந்தக் காகிதம் உங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கிய 4 மாதத்தில் நாங்கள் இரண்டு காட்சிகளைத் திருத்தி எழுதிவிட்டோம். அதற்கு நன்றிகூடச் சொல்லலாம். அக்டோபரில் பதில் வந்தது. மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் 1.30 மணி, 75 நிமிடம். வீட்டை இடிக்க ஜேசிபி வருகிற காட்சியை எடுத்துவிட வேண்டும். கதையைப் 'பக்திப் பின்னணிக்கு' மாற்றித் தந்தால் மாலை நேரம் பரிசீலிக்கப்படும்.

சரி, பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று அப்போதும் பேசாமல்தான் இருந்தேன். 22 வருடமாக உங்கள் உறுப்பினர், இவ்வளவு பொறுமைகூட இல்லாமல் போகுமா? இந்த மடலை எழுத வைத்தது போன வாரம் தபாலில் வந்த ஆண்டு மலர்.

அதில் தலைவர் அவர்கள் 2024 செப்டம்பரில் மகன் வீட்டுக்குப் போனபோது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 'கிரவுண்டட்' என்ற ஓபரா, அதாவது மேல்நாட்டு இசைநாடகம், பார்த்ததைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். நல்ல கட்டுரை. போர் விமானம் ஓட்டிய ஒரு பெண், பிள்ளை பெற்றபின் வேலைக்குத் திரும்பினால் விமானம் கிடைப்பதில்லை. லாஸ் வேகாஸ் பக்கம் ஒரு டிரெய்லருக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்து ட்ரோன் ஓட்ட வேண்டும். பகலெல்லாம் எங்கோ இருப்பவர்கள்மேல் குண்டு, சாயங்காலம் வீட்டில் குழந்தை. ஜீனைன் டெசோரி இசையமைத்த இந்தக் கதையைக் கேட்டுத் தனக்குத் தூக்கமே வரவில்லை என்கிறார் தலைவர். இன்றைய வாழ்க்கையைப் பாட்டில் சொல்லத் துணிச்சல் வேண்டும், அது நம் ஊரில் இல்லையே என்று வருத்தப்பட்டு முடித்திருக்கிறார்.

ஐயா, அது உங்கள் மாடிப்படியில்தான் இருந்தது.

எங்கள் கதையில் ட்ரோன் இல்லை. கூவம் ஆற்றங்கரையில் 30 வருடம் குடியிருந்த ஒரு குடும்பம். ஒரு காலையில் வீடு இடிகிறது. ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு கிடைக்கிறது. அம்மா வேலை செய்கிற வீடுகள் நகருக்குள், மண்டைவெளியில். மகன் படித்த பள்ளிக்கூடமும் அங்கேதான். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் பஸ். அந்தப் பஸ் காட்சியை நாதநாமக்கிரியை ராகத்தில் போட்டேன். விடிகாலை 5 மணிக்கு நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக வந்து சேரச் சேரக் குரலும் கூடிக்கொண்டே போகும். உங்கள் குழுவில் ஒருவர், தாலாட்டில் வரும் நீலாம்பரி ராகம் மட்டும் அருமை என்றாராம். மகிழ்ச்சி. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி ஏறுகிறவள் பாடுவது அது.

அம்மாவாகப் பாடுகிறவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் 'முதன்மைப் பாடகி' என்று ஒரு வரியோடு விட்டிருந்தேன். அது என் தப்பு. அவர் பெரும்பாக்கத்தில் இருப்பவர்தான். மண்டைவெளியில் மூன்று வீட்டில் வேலை. கோயில் பஜனையில் பாடிய குரல். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் 11 பாட்டையும் நான் பாடிப் பதிவு செய்து போனில் அனுப்புவேன். மகளிருக்குக் கட்டணம் இல்லாத சாதாரணப் பஸ் வரும்வரை மற்ற பஸ்களை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே நிற்பார். அந்த நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு பாடம். ஒரு நாள் ஒத்திகையில் பல்லவி எடுக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாடினார். ஏன் என்று கேட்டேன். நான் அனுப்பிய பதிவில் அங்கே குக்கர் விசில் வந்திருக்கிறது. அதையும் தாளக் கணக்கு என்று நினைத்து இடம் விட்டுப் பாடியிருக்கிறார். சிரித்து முடித்தபின், அந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டோம். பாட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பகல் 1.30 மணி என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தீர்களா? மூன்று வீட்டில் லீவு கேட்க வேண்டும். ஒரு வீட்டில் தருவார்கள், ஒரு வீட்டில் சம்பளத்தில் பிடிப்பார்கள். மூன்றாவது வீட்டம்மா நம் சபா உறுப்பினர். மாலைக் கச்சேரி ஒன்று விடமாட்டார். மதியம் அவர் தூங்குகிற நேரம், ஆகவே இவர் பாடுவதைக் கேட்க வரப்போவதில்லை. அவர் தூங்கி எழும்போது பாத்திரம் மட்டும் கழுவியிருக்க வேண்டும். பக்கத்து வீடுகளிலிருந்து 40 பேராவது வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் செவ்வாய் பகலில் வேலைதான். யாருடைய கதையைப் பாடுகிறோமோ அவர்கள் ஒருவர்கூட வர முடியாத நேரமாகப் பார்த்துத் தந்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே என்று சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

அதனால்தான் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மார்கழியில் முடியாவிட்டால் தையில். தையில் முடியாவிட்டால் பங்குனியில். கதை இருக்கிறபடியே.

ஜேசிபி காட்சிக்கு வருகிறேன். அது மூன்று நிமிடம். ஆர்மோனியம், மிருதங்கம், வயலின் எல்லாம் நின்றுவிடும். ஒரு குடத்தில் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான் சத்தம். 'இசை நிகழ்ச்சியில் இசையில்லாத மூன்று நிமிடமா' என்று உங்கள் கடிதம் கேட்கிறது. ஜேக் ஹெகியின் 'டெட் மேன் வாக்கிங்' என்ற ஓபரா 2000இல் சான் பிரான்சிஸ்கோவில் அரங்கேறியது. மரண தண்டனைக் கைதி ஒருவனும் அவனைப் பார்க்க வரும் கன்னியாஸ்திரீயும்தான் கதை. கடைசியில் விஷ ஊசி ஏறும்போது இசை நின்றுபோய் எந்திரச் சத்தம் மட்டும் கேட்கும். நான் நியூயார்க்கும் போனதில்லை, சான் பிரான்சிஸ்கோவும் போனதில்லை. மகள் போட்டுக் காட்டிய பதிவில் பார்த்ததுதான். ஆனாலும் அந்த அமைதி எனக்கு மைலாப்பூரில் உட்கார்ந்தபடியே புரிந்தது.

பக்திப் பின்னணி என்ற யோசனையையும் நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை, உட்கார்ந்து பேசினோம். அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'சத்யாகிரகா' என்ற ஓபரா 1980இல் வந்தது. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த நாட்களின் கதை. பாட்டு முழுக்கச் சமஸ்கிருதத்தில் பகவத் கீதை. கடைசி அங்கம் அங்கே இந்தியத் தொழிலாளர்கள் நடந்த 1913 நியூகாசில் ஊர்வலம். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில், நடந்தவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய் கண்டு 1914இல் 16 வயதில் இறந்துபோனாள். அந்தப் போராட்டத்தின் கதையை இசைநாடகமாக்க அமெரிக்காவில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கு அவள் பெயர் பஸ் வழியில் வருகிற பலகையாக இருந்தால் போதும். ஜேசிபிக்கு முன்னால் இரண்டு சுலோகம் சேர்த்தால் உங்களுக்குச் சம்மதமா? இல்லை, கூவத்தை யமுனையாக்கி, வீட்டை இடிக்க வந்தவரைக் கம்சனாக்கி, ஏழாவது மாடியைக் கோவர்த்தன கிரியாக்க வேண்டுமா? அதுவும் முடியாததில்லை. ஆனால் அந்தக் கிரியைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

இந்தக் கிண்டலுக்கு மன்னியுங்கள். எனக்கும் மரபு என்றால் உயிர்தான். அதனாலேயே சொல்கிறேன். கோபாலகிருஷ்ண பாரதியார், கோயிலுக்குள் விடப்படாத பக்தன் நந்தன் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பெரியபுராணத்தில் நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. 40 வேலி நிலத்தையும் நட்டு அறுத்துவிட்டுச் சிதம்பரம் போ என்று சொல்கிற அந்த வேதியரைப் பாரதியார்தான் கொண்டுவந்து நிறுத்தினார். தன் கண்ணெதிரே தஞ்சை வயல்களில் நடந்ததைப் பார்த்தவர் அவர். அதைப் பாட்டில் வைத்தார். அது அன்றைக்குப் புதுக் கதை. இன்றைக்கு உங்கள் மேடையில் ஒவ்வொரு சீசனிலும் மாஞ்சி ராகத்தில் அவர் 'வருகலாமோ' கேட்கிறோம், தலையாட்டுகிறோம், கண் கலங்குகிறோம். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறவனின் பாட்டு அது. ஒன்றரை மணிக்கு வா என்று யாராவது பதில் சொன்னார்களா, தெரியவில்லை.

இதில் வேறு ஆதங்கமும் இருக்கிறது. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரங்களில் ஒன்றாக அறிவித்தபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பட்டம் எந்தச் சென்னைக்கு? மாலை 6 மணிக்கு மேல் சபா கேன்டீனில் வாழைப்பூ வடைக்கு நிற்கிற சென்னைக்கு மட்டுமா? மேடைக்குப் பின்னால் விளம்பரதாரர் பேனர் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிறது. தம்பூரா வைக்க இடம் தேடும் நிலை. பட்டிமன்றத்துக்கு ஞாயிறு மாலை கிடைக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்குக் கிடைக்கிறது. கிடைக்கட்டும், யாருடையதையும் பிடுங்கித் தரச் சொல்லவில்லை. செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. லாரா காமின்ஸ்கியின் 'ஆஸ் ஒன்' என்ற ஓபரா 2014இல் வந்தது. ஒரு திருநங்கையின் வாழ்க்கையைச் சொல்ல இரண்டு குரலும் நாலு தந்தி வாத்தியமும்தான். நாங்கள் மொத்தம் 9 பேர். சன்மானம் வேண்டாம். ஆர்மோனியம் எங்களுடையது. குடமும் எங்களுடையது.

ஏதோ கேட்க வந்து எங்கெங்கோ போய்விட்டேன். திரும்பவும் பணிவோடு கேட்கிறேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, 6.30 மணி. 1 மணி 40 நிமிடம். ஜேசிபி காட்சியோடு. 8.10க்கு முடித்துவிடுவோம், பெரும்பாக்கம் போகிறவர்களுக்குப் பஸ் இருக்கும். தலைவர் அவர்களுக்கு முதல் வரிசையில் ஓர் இருக்கை வைக்கிறோம். அவருக்கு அன்றிரவும் தூக்கம் வராமல் போனால் அதை அடுத்த ஆண்டு மலரில் எழுதட்டும்.

பதிலை இந்த மாதக் கடைசிக்குள் தந்தால் உதவியாக இருக்கும். கடிதமாக வேண்டியதில்லை, வாட்ஸ்அப் போதும். குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது. அப்படியே அவருக்கு அனுப்பிவிடுவேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் சபாவின் பழைய உறுப்பினர், பாட்டு வாத்தியார் ஒருத்தி,
மைலாப்பூர்